ஐம்பது நாள் தீட்டு

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. இணையத்தில் அவளே வைத்துக்கொண்ட ஜப்பானியப் பெயர் ஒன்றும் உண்டு. இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. மரியாதைக்காக இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு அவள்மேல் எனக்கு இன்னும் மனம் இளகவில்லை, அவ்வளவுதான்.

கொரோனாவில் கல்லூரி மூடிக் கிடந்தபோது அவளைத் தெரிந்தது. ராமேஸ்வரம் தீவில் எங்கள் வீடு இரண்டே அறை. அப்பா விசைப்படகில் டிரைவர். அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிகள், ஒரு மூலையில் மலைபோல வலை. கையில் ஒரு போன். ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம் பிடித்த தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் ஒரு சர்வர், அதாவது அரட்டைக்கூடம், இருப்பதாகக் கல்லூரித் தோழி சொல்லி உள்ளே போனேன். மலையடிவாரத்தில் ஒரு கற்பனை ஜப்பானியக் கிராமம். அதில் ஆளுக்கொரு வேஷம். ஒருவன் டீக்கடைக்காரன், ஒருத்தி வைத்தியர், ஒருவன் பேசும் நரி. எல்லாமே எழுத்துதான். 'கதவைத் திறந்து உள்ளே வந்தேன்' என்று நான் எழுதினால், 'யார் நீ?' என்று எதிராளி எழுதுவார். நாடகம் மாதிரி, ஆனால் மேடையும் கிடையாது, முகமும் கிடையாது.

அந்தக் கிராமத்தின் உச்சியில் ஒரு ஷிண்டோ கோயில் இருந்தது. ஷிண்டோ என்பது ஜப்பான்காரர்களின் பழைய சாமி கும்பிடு. அங்கே கோயில் வேலை செய்யும் கன்னிப் பெண்களை மிகோ என்பார்கள். வெள்ளை மேலாடை, சிவப்புக் கீழாடை. வாசல் பெருக்குவார்கள், திருவிழாவில் ஆடுவார்கள், வருகிறவர்களுக்குப் பலன் எழுதிய சீட்டு எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கு மிகோ ஆக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. எங்கள் பங்குக் கோயிலில் சனிக்கிழமை பெருக்கும் முறை எங்கள் தெருவுக்கு வந்தால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்பவள் நான். அப்படிப்பட்டவள் இல்லாத ஊரின் இல்லாத கோயிலைப் பெருக்கத் துடித்தேன். அந்தக் கோயிலில் சத்தமே இல்லை. அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கோயிலின் தலைமைப் பூசாரி அவள். எல்லோரும் அக்கா என்றோம்.

அவளைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: ஒரு தப்பையும் அவள் விடமாட்டாள். கோயிலுக்குள் நுழைய தோரீ என்ற சிவப்பு வாசல் ஒன்று உண்டு. அங்கே குனிந்து வணங்க வேண்டும். பாதையின் நடுவில் நடக்கக் கூடாது, அது சாமி நடக்கும் இடம். தண்ணீர்த் தொட்டியில் முதலில் இடக்கை, பிறகு வலக்கை, அதற்குப் பிறகுதான் வாய். என் முதல் நாளில் வலக்கையை முதலில் கழுவினேன், அதாவது அப்படி எழுதினேன். உடனே அவளிடமிருந்து ஒரு வரி வந்தது.

"வாசலிலிருந்து மறுபடி வா."

மறுபடி வந்தேன். குனிய மறந்தேன். "வாசலிலிருந்து மறுபடி வா." அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை. திட்டமாட்டாள். ஒரு ஆச்சரியக்குறிகூடப் போடமாட்டாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

மிகோ ஆக நூறு நாள் பெருக்க வேண்டும் என்றாள். தினம் நாலு வரி. நேற்று எழுதியதை இன்று எழுதக் கூடாது. அறுபத்துச் சொச்சம் நாள் ஒழுங்காகப் போனது. ஜூன் மாதம் ஒருநாள், 'மேப்பிள் மரத்தின் மஞ்சள் இலைகளைக் கூட்டி ஒதுக்கினேன்' என்று எழுதிவிட்டேன்.

"ஜூனில் மேப்பிள் இலை பச்சையாக இருக்கும். முதல் நாளிலிருந்து தொடங்கு."

போனை வலைக்குவியல்மேல் வீசினேன். அப்பா எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்து, "என்னத்தா, பரிட்சையில போச்சா?" என்றார். ஆமாம் என்றேன். மறுநாள் முதல் நாளாகப் பெருக்கத் தொடங்கினேன்.

அவளிடம் கற்றுக்கொண்டது எதுவும் இல்லையா என்று கேட்டால், உண்டு. ஒரு இலையைப் பார்த்தால் அது என்ன நிறம் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதற்காக அவளுக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால், நரி வேஷக்காரனை என்ன செய்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவன் திருப்பூர்ப் பையன். பனியன் கம்பெனி வேலை. அந்தச் சர்வரில் எங்களைச் சிரிக்கவைத்த ஒரே ஆள். ஒருநாள் கோயில் உண்டியல்மேல் நரி காலைத் தூக்கியது என்று எழுதிவிட்டான். விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. வாசலிலிருந்து மறுபடி வரச் சொன்னாள். வந்தான். ஒரு சொல் குறைகிறது என்றாள். வந்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஒன்பது தடவை வரவைத்தாள். பத்தாவது தடவை அவன் பெயர் பட்டியலில் இல்லை. போயே போய்விட்டான். "பாவம்க்கா அவன்" என்று எழுதினேன். "பாவம் பார்த்து விட்டுக்கொடுக்க இது சந்தை இல்லை" என்று பதில் வந்தது.

நூறாவது நாள் முடிந்து எனக்கு மிகோ பட்டம் கட்டும் சடங்கு. அன்றைக்கு மட்டும் எழுத்தில்லாமல் குரலில் நடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும், தம்பி கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அம்மாவின் சிவப்புப் பாவாடையைச் சட்டைமேல் ஏற்றிக் கட்டி, வலைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டாள்.

"என்னடி கோலம் இது?"

"ஒரு நாடகம்மா. கோயில்ல வேல செய்ற பிள்ள வேசம்."

அம்மா என் பக்கத்தில் குனிந்தாள். "கன்னியாஸ்திரி ஆகணும்னு ஆசையிருந்தா நேரா சொல்லு. பங்குச் சாமிட்ட நா பேசுறேன். இப்பிடி ஒளிஞ்சு ஒளிஞ்சு போட்டுப் பாக்காத."

அன்றைக்குத்தான் அக்காவின் குரலைக் கேட்டேன். ஏதோ பட்டுப்போல ஒரு குரலை நினைத்து வைத்திருந்தேன். வந்தது எங்கள் ஜில்லாக் குரல். மந்திரத்தை ஜப்பானிய மொழியில் நிறுத்தி நிதானமாகச் சொன்னவள், என்னைக் கூப்பிடும்போது, "இங்கன வந்து நில்லு" என்றாள். சந்தோஷம் தாங்காமல், "அக்கா, நீங்க ராம்நாட்டுப் பக்கமா?" என்று கேட்டுவிட்டேன். என் மைக்கை அணைத்தாள். சடங்கு முடிந்தபிறகு தனியே ஒரு செய்தி: "சன்னதியில் சொந்த ஊர் பேசக் கூடாது."

ஆனாலும் முகவரி கேட்டு வாங்கி, ஒரு வாரத்தில் தபாலில் ஒரு தாயத்துப் பை அனுப்பினாள். உள்ளங்கையில் பாதி இருக்கும். சிவப்புப் பட்டில், இழை தெரியாத தையல். கூட ஒரு துண்டுச் சீட்டு: திறக்கக் கூடாது, திறந்தால் உள்ளே இருக்கும் சாமி போய்விடும். ஒருமுறை, அக்கா நீங்களே ஏன் மிகோ வேஷம் கட்டவில்லை என்று கேட்டேன். அது கல்யாணமாகாத பிள்ளைகள் செய்வது என்றாள். அதற்குமேல் அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. இரண்டு வருடம் தினமும் அந்தக் கோயிலைப் பெருக்கினேன்.

பிறகு என் அப்பா இறந்தார்.

கடலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைக் கூட இருந்தவர்கள் படகைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கரைக்கு வரும்போது மத்தியானம். உயிர் வழியிலேயே போயிருந்தது. மறுநாள் பங்குக் கோயிலுக்குள் பீடத்துக்கு முன்னால் பெட்டியை வைத்துப் பூசை நடந்தது. எங்களில் செத்தவரைக் கோயிலுக்குள் கொண்டுபோய்த்தான் வழியனுப்புவோம்.

மூன்றாம் நாள் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார். எனக்குச் சத்தமில்லாத இடம் வேண்டியிருந்தது. போனை எடுத்தேன். அப்பா இறந்துவிட்டார், இரண்டு நாள் வரமுடியவில்லை, இன்று பெருக்குகிறேன் என்று எழுதினேன்.

"இறப்பு நேர்ந்த வீட்டார் ஐம்பது நாள் வாசலைத் தாண்டக் கூடாது. அதுவரை உன் மிகோ பொறுப்பு நிறுத்திவைக்கப்படுகிறது. ஐம்பத்தோராம் நாள் வரலாம்."

மிகோ ஆனதிலிருந்து சிவப்பாக இருந்த என் பெயர் சாம்பல் நிறமானது. கோயில் திரையிலிருந்து மறைந்தது.

தனியே அவளுக்கு எழுதினேன். அக்கா, எனக்கு வேறு இடம் இல்லை. யாரிடமும் பேசமாட்டேன். ஓரமாகப் பெருக்கிவிட்டுப் போகிறேன். அதை எழுதும்போது வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"விதி எல்லோருக்கும் ஒன்றுதான்" என்று பதில் வந்தது.

ஐயோ பாவம் என்றுகூட இல்லை. எங்கள் தெருவில் எங்களோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்த வீட்டுக்காரிகூட வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போயிருந்தாள். இவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. தாயத்துப் பையைத் தேடி எடுத்து, வலை அறுக்கும் கத்தியால் கிழித்தேன். உள்ளே சாமி இல்லை. விறைப்பாக நிற்பதற்காக ஒரு அட்டைத் துண்டு இருந்தது. தையல் கடையில் அளவு குறித்துக் கொடுக்கும் அட்டை. ஏதோ ஒரு பெண்ணின் தோள் அளவு, கை அளவு. கீழே பாதிக் கடைப்பெயர், லேடீஸ் டைலர், உத்தரகோசமங்கை.

அவள் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் இருந்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம், சர்டிபிகேட் வாங்க ராமநாதபுரம் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிக் கிளம்பினேன். அங்கிருந்து டவுன் பஸ். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கோயிலைச் சுற்றிய தெருவில் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. வீட்டின் முன்னறைதான் கடை. உள்ளே இருந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் டேப், நெற்றியில் ஒன்றும் இல்லை. தைத்த ஒரு ரவிக்கையின் கொக்கிப்பட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் ஒரு அம்மாள் பட்டு ரவிக்கைத் துணியோடு நின்றார்.

"மக கல்யாணத்துக்கு. மொதத் தையல் நீ போடாத, என்ன. நா வீட்லயே எங் கொழுந்தியாள விட்டு ரெண்டு தையல் போட்டுக் கொண்டாந்துட்டேன். நீ மிச்சத்தத் தச்சுக் குடு. மனசுல வச்சுக்காத."

"சரிக்கா" என்றாள் அவள். துணியை வாங்கி, அந்த இரண்டு தையலை விரலால் தடவிப் பார்த்தாள். கோணலாக இருந்தன. பிரிக்கவில்லை. அப்படியே மடித்து வைத்தாள். தப்பை விட்டுவைத்து அவளை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அம்மாள் போனதும் என்னிடம் திரும்பி, "ஒனக்கு என்ன தைக்கணும்?" என்றாள்.

சர்வரில் எனக்கு அவள் வைத்த பெயரைச் சொன்னேன்.

அதிர்ச்சி எதுவும் இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். "இன்னக்கி முப்பத்தி நாலு. இன்னும் பதினாறு நாளு கெடக்கு."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது மறந்துபோனது. "எங்கப்பா செத்துட்டாருக்கா. ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அங்கன நா பூசாரி. சாவுக்குத் துட்டி கேக்குற எடமா அது?"

"அப்ப இங்கன கேளுங்க."

அவள் கேட்கவில்லை. கத்தரியை எடுத்தாள், வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்தம்மா சொன்னதக் கேட்டேல்ல? எம் புருசன் லாரில அடிபட்டுச் செத்து ஒம்பது வருசமாச்சு. எங்கூடப் பெறந்தவ கல்யாணத்துல என்னையச் சமையக்கட்டுல நிக்கவச்சாக. எத்தன நாளைக்கின்னு எவளும் சொல்லல. கேட்டா, இதுக்கெல்லாமா நாளு இருக்குன்னாக. பெறகு போன்ல அந்த ஜப்பான்காரவுக வெவரத்தப் படிச்சேன். அவுகளுக்கு அம்பது நாளுதான். எண்ணிக்கிட்டே இருந்தா முடிஞ்சிரும். மறுநா குளிச்சிட்டு உள்ள போகலாம், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாக. படிச்சிட்டு நா அழுதேன்."

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் தணியவில்லை, ஏறியது.

"வெளிய நிக்கிறது எப்பிடி இருக்கும்னு தெரிஞ்சவுகதான நீங்க? தெரிஞ்சும் என்னைய வெளிய நிறுத்துனீகளே!"

"ஒனக்குத் தேதி குடுத்தேன்ல?"

பெரிய சீர் செய்தவள்போல அதைச் சொன்னாள். உண்மையாகவே அப்படி நினைத்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"எனக்குத் தேதி வேணாம். என்னாச்சுன்னு கேட்டுருந்தாப் போதும்."

"ஒருத்திக்காக ஒடச்சா, பெறகு ஆளுக்குத் தக்கன ஒடைக்கணும். அப்ப அதுவும் இந்த ஊரு மாதிரி ஆயிரும்."

பையிலிருந்து கிழிந்த தாயத்தை எடுத்துக் கட்டிங் மேஜைமேல் போட்டேன். அதுவரை அசையாதவள் அப்போதுதான் அசைந்தாள். "தெறந்துட்டியா" என்றாள், மெதுவாக. அடி வாங்கியவள் மாதிரி இருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்கப்போவதில்லை.

அடுத்த நிமிடம் சிவப்பு நூலை ஊசியில் கோத்துவிட்டாள். கிழிசலின் ஓரங்களை உள்ளே மடித்து, முதலிலிருந்து தைக்கத் தொடங்கினாள். "நில்லு, சித்த நேரந்தான்" என்றாள். நான் படியிறங்கிவிட்டேன். "ஏத்தா, நில்லு, முடியப்போகுது" என்று பின்னால் சத்தம் கேட்டது. பஸ் வர நேரமாயிற்று, நிறுத்தத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே அவள் வரவில்லை. தையலை முடிக்காமல் எழுந்திருக்கமாட்டாள்.

ஐம்பத்தோராம் நாள் காலை செய்தி வந்தது. "இன்று நாள் நிறைந்தது. வாசல் திறந்திருக்கிறது." என் பெயர் மறுபடி சிவப்பாகியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். வாசலில் யாரோ ஒரு புதுப் பெண் குனியாமல் நுழைந்து, 'மறுபடி வா' வாங்கிக்கொண்டிருந்தாள். சர்வரிலிருந்து வெளியேறும் பொத்தானை அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றேன். அவளும் அதற்குப் பிறகு என்னைத் தேடவில்லை.

அடுத்த வருடம் சித்தி மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப்போகும் முன் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பார்கள். அம்மாதான் மூத்தவள், முதல் ஆளாகப் போட வேண்டியவள். அம்மாவைக் காணோம். தேடிப்போனால் கொல்லைப் பக்கம் பந்தலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, சிலுவை போட."

"கட்டுக்கழுத்திக போடட்டும்டி. தாலி அறுத்தவ நா எதுக்கு மொதல்ல போய் நின்னுக்கிட்டு?"

"யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல. சொல்லவா வேணும்?"

"எத்தன நாளைக்கிம்மா இப்பிடி?"

"பேசாமப் போ. நல்ல காரியத்துல ஊரக் கூட்டாத."

கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா உதறினாள். பக்கத்தில் இருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. என்னால்தான் அவளுக்கு அவமானம் என்று ஆகிவிட்டது. நான் உள்ளே போய்க் கல்யாணப் பெண்ணின் காதில் விஷயத்தைச் சொன்னேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் வெள்ளைப் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் கார் நின்றது, பேண்டு அடித்துக்கொண்டிருந்தார்கள், சித்தி "ஏட்டி, எங்க போற?" என்று கத்தினாள். மணப்பெண் கொல்லைப் பக்கம் போய், வெங்காயக் குவியலைத் தாண்டி, அம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"போடுங்க பெரியம்மா. நீங்க போட்டாத்தான் கெளம்புவேன்."

அம்மா கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பிறகு கட்டைவிரலால் அந்த நெற்றியில் சிலுவை போட்டாள். வெங்காயக் காரத்தில் ஏற்கெனவே கலங்கியிருந்த கண், அழுதாளா என்று சொல்ல முடியாது.

அப்போது எனக்கு அக்காவின் நினைவு வந்தது. தங்கை கல்யாணத்தில் சமையற்கட்டில் நின்றவளைத் தேடி ஒருத்தியும் வரவில்லை. வந்திருந்தால் ஜப்பான்வரை போய் ஒரு கோயில் கட்டியிருக்கமாட்டாள். அது எனக்குத் தெரிகிறது. என் அப்பா செத்த மூன்றாம் நாள் அவள் எனக்கு அனுப்பிய வரிகளும் வார்த்தை பிசகாமல் தெரிகின்றன. அந்தக் கடைக்கு நான் மறுபடி போகவில்லை.